அரை மணி நேர அப்பா

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது, "சிக்னல் சரியில்லப்பா, அப்பறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உன் குரல் அடுத்த அறையிலிருந்து வருவதுபோலக் கேட்டது. உன் மகள் நிலா "தாத்தாவா? குடு, நான் பேசறேன்" என்று அடம்பிடித்ததும், உன் அம்மா குக்கரை இறக்கிவைத்ததும்கூடக் கேட்டது. சரியில்லாமல் இருந்தது நான்தான். பத்தாவதோடு நின்றவனுக்கு யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் கவிதாவிடம் காட்டாதே, மருமகள் முன்னால் மாமனாருக்கு இருக்கிற மரியாதையே கொஞ்சம்தான். உன் அம்மாவிடம் காட்டினால் பரவாயில்லை. அவளுக்கு என் பிழைகள் பழகிப்போனவை.

நீ கேட்டது இது. ஆறு வயது நிலாவுக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. காலையில் வேன் வந்தால் காய்ச்சல் அடிக்கிறது, வேன் போனதும் விட்டுவிடுகிறது. நீயும் கவிதாவும் அவளைக் கொஞ்ச வருஷம் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கலாம் என்று நினைக்கிறீர்கள். சாயந்திரத்தில் நீச்சல், பாட்டு, ஓவியம் என்று வெளியே அனுப்பினால் மற்ற பிள்ளைகளோடு பழகிவிடுவாள் என்கிறீர்கள். ஆனால் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். "நீங்க வந்துடுங்கப்பா. உங்களுக்குத்தான் அனுபவம் இருக்குது. என்னை வூட்ல வெச்சுப் படிக்கவெச்சவரு நீங்கதானே" என்றாய். அந்த இடத்தில்தான் எனக்கு சிக்னல் போனது.

வர ஆசையில்லை என்று நினைத்துவிடாதே. கவிதா மறுபடி வேலைக்குப் போன சமயத்தில், "மூணு மாசம் இருந்துட்டு வந்துடறேன்" என்று ஓசூர் பஸ் ஏறிய உன் அம்மாவுக்கு அந்த மூன்று மாசம் இன்னும் முடியவில்லை. இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. அவளைக் குறை சொல்லவில்லை. பேத்தியா புருஷனா என்றால் நானும் பேத்தியைத்தான் பார்ப்பேன். சமையல் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று உங்களிடம் பீற்றிக்கொண்டது ரசம் மட்டும்தான். மற்றதெல்லாம் ரசத்தின் தூரத்துச் சொந்தங்கள். காய்கறி விற்கிற அம்மா இப்போது என்ன வேண்டும் என்று கேட்பதுகூட இல்லை. ரெண்டு தக்காளி, ஒரு கத்திரிக்காய், கொத்தமல்லி கொஞ்சம் என்று அவளே பையில் போட்டுவிடுகிறாள். அவளிடம் நான்கு வார்த்தை பேசலாமென்று போனால் பேச்சே இல்லாமல் வியாபாரம் முடிந்துபோகிறது. டிவியில் செய்தி வாசிக்கிற பெண் "வணக்கம்" சொன்னால் நானும் பதில் வணக்கம் சொல்கிறேன். மரியாதை தெரிந்த பெண், தினமும் சொல்கிறாள்.

ஜன்னல் கம்பியில் நான் கட்டித் தொங்கவிட்ட பீங்கான் மணி நினைவிருக்கிறதா? ரிட்டயராகும் வரை நான் இருந்த கம்பெனியில் கழித்துப் போட்ட, கரண்ட் கம்பத்தில் மாட்டுகிற இன்சுலேட்டர். ஸ்பூனால் தட்டினால் டங்கென்று தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அது இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. மத்தியானம் ஒரு மணிக்கு நானே அதைத் தட்டிவிட்டு, நானே போய்ச் சாப்பிட உட்காருகிறேன். பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்தவில்லை. பக்திமான் என்ற பெயர் சும்மா கிடைக்கும்போது ஏன் விடுவது?

ஆகவே "வந்துடுங்கப்பா" என்ற வார்த்தையைக் கேட்க நான் எவ்வளவு காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. ஆனால் நீ சொன்ன காரணம்தான் உதைக்கிறது. அனுபவம் இருக்கிறதென்று கூப்பிடுகிறாய். அது என்ன அனுபவம் என்று உனக்குச் சொல்லாமல் பஸ் ஏறினால் அது ஏமாற்று வேலை.

உனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. வார்த்தையின் முதல் எழுத்திலேயே சிக்கிக்கொண்டு நிற்பாய். தினமும் உன்னை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னார்கள், நீ நின்ற இடத்தில் மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் பள்ளிக்கூட கேட்டைப் பார்த்தாலே நீ வாந்தியெடுக்க ஆரம்பித்தாய். நான் போய்க் கேட்டேன். தினம் வாசிக்க வைத்தால்தான் சரியாகும் என்றார் பெரிய சார். நான் உடனே, "அப்ப வூட்லயே நான் சொல்லிக்குடுத்துக்கறேன் சார்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, ரோஷத்தில் வாயிலிருந்து விழுந்தது. நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "அனுபவம் இருக்குதுங்க" என்றேன். அன்றைக்கு என் அனுபவம், சூளையில் இன்சுலேட்டர் அடுக்குவதும், வெந்து வந்ததைத் தட்டிப் பார்த்து விரிசல் விட்டது எது என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பதும். அதை வைத்துக்கொண்டு பின்னம், தசமம், சோழர் வரலாறு எல்லாம் நடத்தக் கிளம்பினேன்.

காலை நேரம் உனக்காக வேண்டும் என்று கம்பெனியில் கெஞ்சி நிரந்தரமாக இரண்டாவது ஷிப்ட் வாங்கிக்கொண்டேன். மத்தியானம் இரண்டுக்குப் போனால் ராத்திரி பத்துக்கு முடியும். மறுநாள் பாடத்தைச் சூளைப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன். உன்னைவிட ஒரு பாடம் முன்னால் இருந்தால் போதும் என்பது என் கணக்கு. ஒரு நாள் நீ, பின்னத்தால் வகுத்தால் ஏன் எண் பெரிசாகிறது என்று கேட்டாய். "அது அடுத்த வருஷப் பாடம்" என்றேன். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னேன். இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

படிப்பு குறைந்தவனுக்கு ஒரு பயம் உண்டு. வீட்டில் லுங்கியோடு சுற்றுகிற அப்பன் பாடம் நடத்தினால் பிள்ளை மதிக்குமா என்ற பயம். அதனால்தான் அந்தச் சட்டை. என் மச்சான் கல்யாணத்துக்கு எடுத்த நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை. ஒன்பது மணிக்கு அதைப் போட்டு, பேண்டில் செருகி, பையில் பேனா குத்திக்கொண்டு, மணியைத் தட்டுவேன். "சட்டை போட்டா சார். லுங்கி கட்டினா அப்பா. சார்கிட்ட வூட்டுக் கதை பேசக் கூடாது" என்று முதல் நாளே சட்டம் போட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். இரண்டு மூன்று நாளில் நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன், பிறகு நீயும்.

ஒரு மணிக்கு மணியடித்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு லுங்கி கட்டுவேன். சாப்பிடுவோம். ஒன்றரைக்குக் கம்பெனி உடுப்பை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துவிடுவேன். நான் திரும்பும்போது நீ தூங்கியிருப்பாய், காலையில் நான் எழுந்து குளித்து வருவதற்குள் ஒன்பதாகிவிடும். இப்போது கூட்டிப் பார்க்கிறேன். நாள் பூராவும் உன்னோடு இருக்க வேண்டும் என்று ஷிப்டை மாற்றியவன், ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் உனக்கு அப்பாவாக இருந்திருக்கிறேன். அதிலும் பாதி நேரம் வாயில் சோறு.

சாயந்திரமாவது உன்னைச் சும்மா விட்டேனா? அதற்கும் ஊர் வாய் விடவில்லை. பையன் யாரோடும் பழகாமல் ஊமையாகிவிடுவான் என்று உன் மாமா சொன்னார், டீக்கடையில் சொன்னார்கள், கம்பெனி வாட்ச்மேன்கூடச் சொன்னார். பயந்துபோய் வாரத்தின் ஆறு சாயந்திரத்தையும் அடைத்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம் கலர் பென்சிலில் அட்டவணை. இரண்டு நாள் மணிமுத்தாற்று மணலில் சிலம்பம், இரண்டு நாள் இந்தி, ஒரு நாள் கீபோர்டு, சனிக்கிழமை பஸ் ஏறி நெய்வேலியில் செஸ். அழைத்துப் போனது நானா? உன் அம்மா. தைக்கிற பிளவுஸை மெஷினிலேயே பாதியில் விட்டுவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு ஓடுவாள். "ஒரு நாளாச்சும் புள்ளைய சும்மா கெடக்க வுடுங்க. நானும் சும்மா கெடப்பேன்" என்பாள். சும்மா இருந்தால் யார் முன்னேறினார்கள் என்று நான் சூளை வாசலில் நின்றுகொண்டு முன்னேற்றம் பேசினேன்.

பெண்ணாடத்தில் உன் மாமா மகளுக்குக் காதுகுத்து வந்தது. அது ஞாயிற்றுக்கிழமை, எனக்கு லீவு, உனக்கு செஸ் போட்டி. நம் வீட்டு விசேஷம் அப்புறம், போட்டிதான் முக்கியம் என்றேன். உன் அம்மா தனியாகத் தட்டுவரிசையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். சாயந்திரம் திரும்பி வந்து லட்டு இரண்டை உன் கையில் கொடுத்தாள், எனக்குக் கொடுக்கவில்லை. நீ அன்று முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டிருந்தாய்.

நடுவில் ஒரே ஒரு நல்ல நாள் வந்தது. பேய் மழை. ஆற்றில் தண்ணீர், ஊரெல்லாம் கரண்ட் இல்லை, கம்பெனிக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சட்டை நனைந்து கொடியில் தொங்கியதால் சாருக்கும் லீவு. உன் அம்மா முந்திரிக்கொட்டை சுட்டுக் கொடுத்தாள். கை வாயெல்லாம் கரியாக்கிக்கொண்டு நீ பேச ஆரம்பித்தாய். செஸ் சார் வைத்திருக்கும் டோப்பா முடி பஸ் ஜன்னல் காற்றில் தூக்கிக்கொண்ட கதையைச் சொன்னாய். ஒரு எழுத்திலும் நிற்கவில்லை. இரண்டு மணி நேரம் ஆறு மாதிரி பேசினாய். உன் அம்மா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எங்கே வாயைத் திறந்தால் நின்றுவிடுமோ என்று இரண்டு பேரும் மூச்சுவிடாமல் கேட்டோம்.

அதிலிருந்து உன் அப்பன் என்ன கற்றுக்கொண்டான் தெரியுமா? மறுவாரம் அட்டவணையில் புதிதாக ஒரு கட்டம் போட்டான். ஞாயிறு நான்கிலிருந்து ஐந்து வரை, பேச்சு நேரம். மணியடித்து உன்னை எதிரில் உட்காரவைத்து, "ம், பேசு" என்றேன். நீ ஒரு மணி நேரமும் உன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இதை நினைத்து இப்போதெல்லாம் தனியாகச் சிரிப்பேன். சிரித்து முடித்த பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருக்கும்.

இனி எழுதப்போவதுதான் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது.

உனக்குப் பன்னிரண்டு வயது. முந்தின சாயந்திரம் சிலம்பத்தில் எவனோ சுற்றிய கம்பு உன் வலது கையில் விழுந்தது. அம்மாவிடம் சொன்னால் சிலம்பத்தை நிறுத்திவிடுவாள், அப்பா கத்துவார் என்று நீ சொல்லாமல் படுத்துவிட்டாய். காலையில் ஒன்பதுக்கு மணியடித்தேன். இரண்டு பக்கம் பார்த்து எழுதச் சொன்னேன். நீ கோழி கிண்டினது மாதிரி எழுதியிருந்தாய். சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு, மறுபடி எழுது என்றேன். மறுபடியும் அதே மாதிரி. மூன்றாவது முறை. உன் அம்மா துணி எடுக்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். ஒரு மணிக்கு நான் லுங்கி கட்டிக்கொண்டு வந்ததும் நீ எழுந்து வந்து, மேசைக்கடியில் வைத்திருந்த கையை எடுத்து என் முன்னால் நீட்டினாய். "அப்பா, கை வலிக்குதுப்பா." புறங்கை பன் ரொட்டி மாதிரிப் புடைத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்பில் விரிசல் என்றார்கள். கம்பெனியில் அச்சு வார்க்கிற அதே மாவைக் குழைத்துக் கையைச் சுற்றிக் கட்டினார்கள். நாலு மணி நேரம் புள்ளை வலியோட உட்கார்ந்திருக்கிறான், உங்களுக்குத் தெரியவே இல்லையா என்று உன் அம்மா அழுதாள். "அவன் சொல்லவே இல்ல" என்றேன். அவள் உன்னைப் பார்த்தாள். நீ, "ஆமாம்மா, நான்தான் சொல்லல" என்றாய்.

நீ சொன்னாய், தம்பி. முழுசாகச் சொல்ல நான் விடவில்லை. ஒன்பதரை இருக்கும். நீ பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அ... அ... அப்..." என்று ஆரம்பித்தாய். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "இங்க யாரு அப்பா? சாருன்னு சொல்லு" என்றேன். நீ வாயை மூடிக்கொண்டு பென்சிலை எடுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு ஒரு மணி வரை அப்பாவுக்காகக் காத்திருந்தாய். வெந்த பீங்கானில் மயிரிழை விரிசலைச் சத்தத்தில் கண்டுபிடிக்கிறவன் என்று கம்பெனியில் எனக்குப் பெயர்.

உன் அம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாது. எனக்காக அவளிடம் நீ பொய் சொன்னாய், அதற்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை. கட்டோடு இருந்த அந்த ஒரு மாசம் நீ எழுத முடியாததால் வகுப்பு இல்லை. உன் அம்மா தைத்துக்கொண்டே உன்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். எங்கே நின்றாலும் அவள் பாட்டுக்கு மெஷினை மிதித்துக்கொண்டிருப்பாள், அந்தச் சத்தத்துக்குள் நீ மெதுவாகத் தாண்டிப் போவாய். பத்தாவது தனித்தேர்வில் நீ எடுத்த மார்க்குக்கு என்னைப் பாராட்டினார்களே, அது அந்த மெஷினுக்குப் போயிருக்க வேண்டிய பாராட்டு. கட்டுப் பிரித்ததும் நான் அந்தச் சட்டையைத் தூக்கிப் போட்டேனா? இல்லை. இன்னும் இரண்டு வருஷம் போட்டேன். நிறுத்தினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

இந்தப் பொங்கலுக்கு ஓசூர் வந்தபோது நிலா ஒரு படம் வரைந்து எடுத்து வந்தாள். வீடு, வாசலில் நான், என் கையில் கரும்பு. கீழே "தாதா" என்று எழுதியிருந்தாள். நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். எடுத்தது எனக்கே தெரியவில்லை. "நடுவுல த் எங்க?" என்று கேட்டுவிட்டுச் சுழித்துக் காட்டினேன். அவள் முகம் எப்படிப் போனதோ, நான் அதைப் பார்க்கவில்லை. உன் முகத்தைத்தான் பார்த்தேன். நீ வந்து, வலது கையால் அந்தத் தாளை மெல்ல வாங்கிக்கொண்டாய். சுண்டுவிரல் பக்கம் இன்னும் கொஞ்சம் வளைந்துதான் இருக்கிறது. பென்ஷன் கணக்கு விஷயமாகக் கம்பெனியில் அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பினேனே, கம்பெனியில் யாரும் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகும் நீ "வந்துடுங்கப்பா" என்கிறாய். மறந்துவிட்டாயா, மன்னித்துவிட்டாயா, இல்லை ஆள் கிடைக்காத கஷ்டமா என்று எனக்குப் புரியவில்லை. எதுவாக இருந்தாலும் என் பதில் இது. நிலாவை வீட்டில் வைத்துப் படிக்கவைப்பது தப்பில்லை. நீ வாந்தியெடுத்த அந்த கேட்டுக்கு உன்னை மறுபடி அனுப்பாததற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. ஆனால் சாராக என்னை வைக்காதே. பாடத்துக்கு ஒரு டீச்சரம்மாவைப் பார், தினம் இரண்டு மணி நேரம் வந்து போகட்டும். அவர்கள் போனதும் வீடு வீடாக இருக்கட்டும். கவிதா வேலையிலிருந்து களைத்து வந்து நீச்சலுக்கும் பாட்டுக்கும் அவளை இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம், உன் அம்மா ஓடியது போதும். நிலா எதைக் கேட்கிறாளோ அது ஒன்று போதும். மற்ற சாயந்திரங்களுக்குப் பெயர் வைக்காதே. பெயர் வைத்தால் என்ன ஆகும் என்று கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்த உனக்கே தெரியும். ராத்திரிச் சாப்பாடு நாலு பேரும் சேர்ந்து சாப்பிடுங்கள். அப்போது பாடம் பற்றிக் கேட்காதே.

அம்மாவிடமும் இதைக் காட்டு. பிழைகள் பழகியவள்தான், இது ஒன்று மட்டும் அவளுக்குப் புதுசு. திட்டுவாள். திட்டக்கூட ஆளில்லாமல் இருக்கிறவனுக்கு அது பெரிய விஷயமில்லை.

இதையெல்லாம் படித்த பிறகும் கூப்பிடத் தோன்றினால் கூப்பிடு, வருகிறேன். படம் வரைந்தால் பார்க்க, முந்திரிக்கொட்டை சுட்டுக் கொடுக்க, சும்மா உட்கார்ந்திருக்க ஒரு ஆள் வேண்டுமென்றால் அதற்கு அனுபவம் இல்லாத ஆளாகத்தான் வருவேன், கற்றுக்கொள்கிறேன். தோன்றாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் புரியும்.

ஒன்றே ஒன்று. முப்பத்திரண்டு வயதிலும் நீ போன் பண்ணினால் முதலில் கேட்பது, "வேலையா இருக்கீங்களாப்பா?" நான் இல்லை என்று சொன்ன பிறகுதான் விஷயத்துக்கு வருகிறாய். நீ எதற்காக அதைக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். இனிமேல் கேட்காதே. காலை ஒன்பது மணியாக இருந்தாலும் சரி, வார்த்தை எங்கே நின்றாலும் சரி, கூப்பிட்டு நேராகச் சொல்லு. எப்போது கூப்பிட்டாலும் நான் லுங்கியில்தான் இருக்கிறேன்.

அப்பா